பிஸ்கட் டின்னில் ஒரு தலைமை நீதிபதி

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில், ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. முழங்கால்கள்தாம் சரியில்லை.

மேலே ஒரு மன்றமே அவருக்காகக் காத்திருந்தது. குரைக்கும் நாய் வழக்கு ஒன்று, நடைபாதையில் கடை போட்ட வழக்கு ஒன்று, அடுத்த வீட்டு வாசலில் குப்பை வைத்த வழக்கு ஒன்று. நாய்க்காரரும், நாயின் மேல் புகார் கொடுத்தவரும் அவரைத் தாண்டித்தான் மேலே போனார்கள். இருவருமே குனிந்து வணக்கம் சொன்னார்கள்.

"துவான், தண்ணி வேணுமா?" என்று மலாயில் ஐயா போட்டு நாய்க்காரர் பாட்டிலை நீட்டினார்.

வழக்கில் இருப்பவரிடம் நீதிபதி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. பரமேஸ்வரன் வறண்ட நாக்கோடு வேண்டாமென்று தலையசைத்தார். அவர் வாழ்க்கையே இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மேலேயிருந்து தம்புசாமி இறங்கி வந்தார். கட்டடத்துக்கு ஜாகா அவர்தான். காவல் காப்பது, கூட்டுவது, வழக்குக் கட்டுகளைச் சுமப்பது எல்லாம் அவர் தலையில். பரமேஸ்வரனைவிட வயதில் மூத்தவர், ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"தம்பு அண்ணே, நான் ஏற ஆரம்பிச்சப்ப நீங்க கீழ ஃபைல் வண்டியோட நின்னீங்களே. எப்படி எனக்கு முன்னால மேல போனீங்க?"

"கட்டெல்லாம் கொண்டுபோய் வெச்சாச்சு துவான்."

"மூச்சுகூட வாங்கல உங்களுக்கு."

"நமக்கு என்னா துவான், பழகிப்போச்சு." தம்புசாமி தயங்கினார். "துவான்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"புறாவா?"

"புறா இல்ல துவான்."

"டாய்லெட் பைப்பா?"

"அதுவும் இல்ல. இது வந்து..."

"எதுவா இருந்தாலும் புது தலைமை நீதிபதி வரட்டும் அண்ணே. இப்ப நான் யாரு? படியில உக்காந்திருக்கிற ஒரு ஆளு."

தம்புசாமி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிய உடம்பு, எலும்பு அப்படி என்று நினைத்துப் பரமேஸ்வரன் பெருமூச்சு விட்டார்.

இந்த நகர நீதிமன்றத்தைத் தேடிக்கொண்டு மலேசியாவின் கிள்ளானுக்கு யாரும் போய்விடாதீர்கள். கதைக்காக நான் எழுப்பிய கட்டடம் அது. எழுப்பும்போதே நல்ல லிஃப்டாகப் பார்த்து வைத்திருக்கலாம், புத்தி போகவில்லை. மூன்றாவது மாடியில் பரமேஸ்வரன். இரண்டாவது மாடியில் மற்ற இரு நீதிபதிகள், யோகநாதனும் புவான் ரொஸ்னாவும்; புவான் என்றால் மலாயில் அம்மா. கீழ்த்தளத்தில் தலைமை நீதிபதி. காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் தலைமை நீதிபதியின் நாற்காலி வந்துவிடும், ஒரு படிகூடக் கிடையாது. அந்த அறைதான் இந்தக் கதையில் எல்லாப் பாவத்துக்கும் காரணம்.

லிஃப்டு தீபாவளிக்கு முன்பே படுத்துவிட்டது. கதவில் 'ரோசாக்' என்று பழுதுக்கான மலாய்ச் சொல்லை எழுதிச் சிவப்புப் பலகை ஒன்றை மாட்டினார்கள். இடையில் ஒருநாள் எவனோ அந்தப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டான். யோகநாதன் நம்பி ஏறினார். கூடவே, அன்று காலை அவர் அபராதம் போட்ட கச்சாங் எனும் வேர்க்கடலை வியாபாரியும் ஏறினார். இரண்டு மாடிக்கும் நடுவில் லிஃப்டு நின்றுவிட்டது. உள்ளே நீதிபதிக்குப் பசித்தது, வியாபாரியிடம் கச்சாங் இருந்தது. கதவை நெம்பித் திறந்தபோது அந்த வழக்கு மறுவிசாரணைக்குப் போயிருந்தது.

அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் துவான் லிம். சாதாரணமாகச் சத்தம் போடாத மனிதர். அன்று தம்புசாமியைக் கூப்பிட்டு நிறுத்தி, "தலைமை நீதிபதி வாயால் சொல்லாமல் அந்தப் பலகையில் எவனும் கை வைக்கக் கூடாது" என்று கத்தினார். பலகையைக் கழற்றியது தம்புசாமி இல்லை. ஆனாலும் பழி அவர்மேல்தான் விழுந்தது. அடுத்த மாதம் லிம் ஓய்வு பெற்று, கேக் வெட்டி, கை குலுக்கிப் போயே போய்விட்டார்.

அடுத்த தலைமை நீதிபதி யார்?

இந்த மன்றத்துக்கு மேலிடம் ஆள் அனுப்புவதில்லை. நீதிபதிகள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஒருவரைச் சொல்ல வேண்டும், மேலிடம் சரியென்று முத்திரை குத்தும். ரகசிய ஓட்டு. பாதிக்கு மேல் வாங்கியவர் தலைவர். விதி எழுதியவர் நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. ஆனால் மூன்று நீதிபதிகளையும் ஒரே ஒரு கீழ்த்தள அறையையும் சேர்த்து வைத்து அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

பரமேஸ்வரனுக்குப் பதவி ஆசை கிடையாது. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவருக்கு ஆசை மகள் மேல். தை மாதம் மாதவிக்குக் கல்யாணம். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் முழங்கால் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கிள், படி ஏறுறத இன்னையோட விட்டுருங்க. ஏறினீங்கன்னா, கல்யாணத்துல நாற்காலி போட்டுத்தான் உக்காரணும்."

"தரையில உக்கார முடியாதா?"

"உக்காரலாம். எந்திரிக்க முடியாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி குமுதா மினியாக் தைலத்தைச் சூடு பண்ணி முழங்காலில் தேய்த்தபடியே சொன்னாள்: "எங்க அக்கா வீட்டுக்காரர் அந்த வயசுலயும் சம்மணம் போட்டு உக்காந்து தாரை வாத்தாரு. காஜாங்ல இன்னும் அதைப் பேசுறாங்க."

"பேசட்டும்."

"நீங்க நாற்காலியில உக்காந்தா அதையும் பேசுவாங்க. ஏங்க, அந்த லிம் ரூமு கீழதானே இருக்கு?"

இப்படித்தான் பரமேஸ்வரன் தலைமை நீதிபதி பதவிக்குப் போட்டியிட்டார்.

முதல் தேர்தல் ஒரு திங்கட்கிழமை. மன்றத்தின் தலைமை எழுத்தர் வாணி, தீபாவளிக்கு முறுக்கு வந்த பிஸ்கட் டின்னைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். ஓட்டுப் போடுவதற்கு முன்பு மூவரும் பேசினார்கள். தனக்குப் பதவியில் நாட்டமில்லை என்றார் பரமேஸ்வரன். பொறுப்பு பெரிது, தான் சிறியவள் என்றார் புவான் ரொஸ்னா, மலாயில். தம்முடைய குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள், யாரும் பதவியைத் தேடிப் போனதில்லை, பதவிதான் தேடி வரும் என்றார் யோகநாதன்.

வாணி சீட்டுகளைப் பிரித்தாள். பரமேஸ்வரன் ஒன்று. யோகநாதன் ஒன்று. ரொஸ்னா ஒன்று.

கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் ஓட்டைத் தனக்கே போட்டது யார் யார் என்று கண்டுபிடிக்க அந்த அறையில் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

"அடுத்த வாரம் திரும்பப் போடலாம்," என்றாள் வாணி. "டின் இங்கேயேதான் இருக்கும்."

அதுவரை கட்டடத்தில் ஒன்றும் அசையாது. கீழ்த்தள அறையைத் தலைமை நீதிபதியில்லாமல் திறக்கக் கூடாது. ஜன்னல் வழியே புறா உள்ளே போய் லிம்மின் நாற்காலியில் முட்டை வைத்தது. புறாவை விரட்ட யாருக்கு அதிகாரம்? பைப்பு ஒழுகினால் யார் உத்தரவு போடுவது? எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: புது ஆள் வரட்டும்.

அன்றைக்கு மாலை குமுதா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க ஓட்டை நீங்களே போட்டுக்கிட்டீங்களா? வெக்கமா இல்ல?"

"நீதானே ஜெயிக்கணும்னு சொன்ன?"

"ஜெயிக்கிற வழி அது இல்லீங்க. விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போக மாட்டான். அந்தப் புவானுக்கு ஓட்டைப் போட்டுட்டு, மூஞ்சியைப் பெருந்தன்மையா வெச்சுக்குங்க. அவுங்க மனசு கேக்காது. அடுத்த தடவை ஓட்டு தானா வந்து விழும்."

பரமேஸ்வரன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. முப்பது வருஷம் குமுதா சொன்னதைக் கேட்டுக் கேட்டு, எதையும் நியாயமாகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது.

இரண்டாவது தேர்தலில் அவர் ரொஸ்னாவின் பெயரை எழுதி, மடித்து, பெருந்தன்மையான முகத்தோடு டின்னில் போட்டார். மற்ற இருவரும்கூட அன்று முகத்தை அப்படித்தான் வைத்திருந்தார்கள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வாணி பிரித்தாள். ரொஸ்னா ஒன்று. பரமேஸ்வரன் ஒன்று. யோகநாதன் ஒன்று.

பரமேஸ்வரனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. தன்மேல் மதிப்பு வைத்து யாரோ ஓட்டுப் போட்டிருக்கிறார்களே என்று நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் கணக்கு உறைத்தது. தான் போடாமலே தனக்கு ஓர் ஓட்டு வந்திருக்கிறது. தன் ஓட்டையும் தனக்கே போட்டிருந்தால் இரண்டு. இந்நேரம் கீழ்த்தளத்தில் புறாவை விரட்டிக்கொண்டிருக்கலாம்.

நிமிர்ந்து பார்த்தார். யோகநாதன் கண்ணை மூடியிருந்தார். புவான் ரொஸ்னா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைப் போட்டு முடித்திருந்தார்கள்.

மூன்றாவது தேர்தலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பட்ட புத்தியில் மூவரும் அவரவர் ஓட்டை அவரவருக்கே போட்டார்கள்.

"முறுக்காச்சும் இருந்திருக்கலாம் இந்த டின்ல," என்று முணுமுணுத்தபடி வாணி மூடியை மூடினாள்.

அந்த வாரம் பரமேஸ்வரனுக்கு ஒவ்வொரு படியும் எமனாக வந்தது. கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி ஏறினார். நாய் வழக்கில் தீர்ப்பை வாசித்துவிட்டு எழுந்து போக முடியாமல் நாற்காலியிலேயே இருந்துவிட்டார். நாய்க்காரர் பரிதாபப்பட்டு மேல்முறையீடு வேண்டாமென்று சொல்லிவிட்டார். நீதிபதியைப் பார்த்துக் குற்றவாளி இரக்கப்படும் நிலைமை வந்த பிறகு மனிதன் எதற்காக வாழ வேண்டும்?

வீட்டிலே குமுதா சும்மா இருக்கவில்லை. "நான் ஒரு காரியம் பண்ணிட்டேங்க," என்றாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து.

"என்ன பண்ணின?"

"நீங்க தலைமை நீதிபதி ஆயிட்டா, பத்துமலை இருநூத்தி எழுபத்திரெண்டு படியும் ஏறி முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டேன்."

"யாரு ஏறுறது?"

"உங்க பேர்லதான் வேண்டுதல். வேற யாரு ஏறுவா?"

"குமுதா, படி ஏறக் கூடாதுன்னுதானே எனக்கு அந்தப் பதவியே?"

"அதுக்குத்தான் முருகன்கிட்ட சொல்லியிருக்கேன். கீழ ரூமு கெடைச்சு, ஒருதடவை ஏறுனாப் போதும். அப்புறம் ஏறவே வேணாம். லாபம் யாருக்கு?"

சாமி விஷயத்தில் நீதிபதி வாயைத் திறக்க முடியாது. மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

நான்காவது தேர்தலுக்கு முன்தினம் பரமேஸ்வரன் துணிந்து யோகநாதனின் அறைக்குப் போனார். யோகநாதன் தே ஓ கோசோங்கை, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை, கசாயம் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் யோகநாதன், மறைக்காம சொல்றேன். எனக்கு அந்தப் பதவி வேணாம். கீழ ரூமுதான் வேணும். முழங்கால்."

"எனக்கும் அதேதான். எனக்கு முழங்கால் இல்ல, இதயம்."

"வாழ்நாள் பூரா வேணாம். கல்யாணம் முடியிற வரைக்கும்."

யோகநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப ஒண்ணு செய்யலாம். என் ஓட்டு உங்களுக்கு. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் அந்த ரூம்ல நான் இருப்பேன். உங்களுக்கு மத்த மூணு நாள்."

வாரத்தில் இரண்டு நாள் ஏறுவது ஐந்து நாள் ஏறுவதைவிட மேல்தானே. பரமேஸ்வரன் கையைக் கொடுத்தார். அவர் ஓட்டும் யோகநாதன் ஓட்டும் சேர்ந்தால் இரண்டு, ஜெயம்.

வெளியே வந்து கதவைச் சாத்தியதுமே நிம்மதி போய்விட்டது. ரகசிய ஓட்டு ஆயிற்றே. முதல் தேர்தலில் பதவியில் நாட்டமில்லை என்று பேசிவிட்டுத் தன் பெயரையே எழுதிய ஆள் இந்த யோகநாதன். நாளைக்கும் அப்படிச் செய்தால் யாரைப் போய்க் கேட்பது? தானும் அப்படியே பேசி அப்படியே எழுதியவர்தான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆளுக்கு ஆள் அப்படித்தான்.

முன்னெச்சரிக்கையாகப் புவான் ரொஸ்னாவின் கதவைத் தட்டினார்.

ரொஸ்னா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு மலாயில் சொன்னார்: "உங்கள் மகள் கல்யாணம் எனக்கும் சந்தோஷம். என் ஓட்டைத் தருகிறேன். புதன், வியாழன் அந்த அறை எனக்கு. முன்வாசல் கூரைக்குக் கீழே இருக்கிற கார் நிறுத்தும் இடமும் எனக்கு. முதுகில் டிஸ்க் நழுவியிருக்கிறது, மழையில் ஓட முடியாது."

பரமேஸ்வரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மிஞ்சுவது வெள்ளிக்கிழமை. வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் வேண்டாமென்று சொன்னால் ரொஸ்னா நேராக யோகநாதனிடம் போவார். அந்த இரண்டு ஓட்டும் சேர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமையும் போய்விடும். குமுதாவுக்கு என்ன பதில் சொல்வது?

"சரி," என்றார். சொன்ன குரல் அவருக்கே கேட்கவில்லை.

வெளியே லிஃப்டுப் பக்கமாகத் தம்புசாமி ஃபைல் வண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் தலை உயரத்துக்குக் கட்டுகள்.

"துவான், அந்த விஷயம் சொல்லணும்னு சொன்னேன்ல. மத்த ரெண்டு பேருகிட்டயும் கேட்டுப் பாத்தேன். வாணிகிட்டயும் கேட்டேன். எல்லாரும் புது ஆளு வரட்டும்னு சொல்றாங்க."

"சரியாத்தானே சொல்றாங்க அண்ணே. நாளைக்கு முடிஞ்சிரும். முடிஞ்சதும் முதல் வேலை உங்க வேலைதான்."

"சின்ன விஷயம்தான் துவான், ஒரு வார்த்தை..."

"அண்ணே, எனக்கு இன்னும் ஒரு மாடி ஏறணும். பேசினா மூச்சு போயிரும். நாளைக்கு."

"சரிங்க துவான்." தம்புசாமி அவரையே பாவமாகப் பார்த்தார். பரமேஸ்வரன் கைப்பிடியைப் பிடித்து நண்டு நடை போட ஆரம்பித்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது தம்புசாமி அங்கே மேசைமேல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம் வேறு படிக்கட்டு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு பரமேஸ்வரன் நாற்காலியில் விழுந்தார்.

மறுநாள் வாணி நான்காவது முறையாக மூடியைத் திறந்தாள்.

"பரமேஸ்வரன்." இரண்டாவது சீட்டு. "பரமேஸ்வரன்."

அவருக்கு மாதவி மணவறையில் தலை குனிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"பரமேஸ்வரன்," என்று மூன்றாவதையும் வாசித்தாள் வாணி. "மூணுக்கு மூணு. இந்த மன்றத்துல இப்படி ஆனதே இல்ல துவான்."

ஜெயிக்க இரண்டு போதும். யோகநாதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அப்படியென்றால் புதனையும் வியாழனையும் முன்வாசலையும் எதற்காகக் கொடுத்தோம்? நேர்மையான மனிதனைச் சந்தேகப்பட்டதற்கு இது தண்டனை என்று பரமேஸ்வரன் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். இருவரும் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். முகங்களில் அப்படி ஒரு விடுதலை. பைப்பு, புறா, கூட்டங்கள், மேலிடத்துக்கு மாதாமாதம் விளக்கம் எழுதுவது எல்லாம் இனிமேல் அவருக்கு. அறை அவர்களுக்கு. இதை முதல் வாரமே யாராவது யோசித்துச் சொல்லியிருந்தால் எவரும் தமக்குத் தாமே ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

மேலிடம் முத்திரை குத்தியது. அடுத்த திங்கட்கிழமை பரமேஸ்வரன் தலைமை நீதிபதியாக மன்றத்துக்கு வந்தார்.

முன்வாசல் கூரையின் கீழ் ரொஸ்னாவின் கார் நின்றது. பின்பக்கச் சாக்கடையோரம் காரை நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்தார். கீழ்த்தளத்தில் தலைமை நீதிபதி என்று பித்தளையில் எழுதிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுழன்றது. யோகநாதன் தே ஓ கோசோங்கை ஆற்றிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆயிற்றே. புறாகூட இடம் காலி பண்ணிப் போய்விட்டிருந்தது.

"குட் மார்னிங், சீஃப்," என்றார் யோகநாதன் மரியாதையாக, எழுந்து நின்று.

பரமேஸ்வரன் தலையாட்டிவிட்டுப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். இந்தப் படிகளுக்குத் தாம் தலைமை நீதிபதி ஆனது தெரியவில்லை. கைபேசி அடித்தது. குமுதா.

"ஏங்க, ரூமுக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல. இன்னைக்கு மேலதான். எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கீழ."

"எந்த வெள்ளிக்கிழமை, வர்றதா? அன்னைக்கு லீவு போட்டுருங்க. நாள் பாத்துட்டேன், வெள்ளிக்கிழமைதான் நல்லா இருக்கு. காலையிலயே பத்துமலைக்குக் கெளம்பணும்."

"குமுதா, எனக்குக் கெடைச்சிருக்கிறதே அந்த ஒரு நாள்."

"சாமி காரியத்தைத் தள்ளிப் போட்டா கல்யாணத்துக்கு ஆகாதுங்க. பால்குடம் சின்னதாத்தான் சொல்லியிருக்கேன், பயப்படாதீங்க."

அவர் கைபேசியைப் பைக்குள் போட்டார். முதல் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தேதான் உட்கார்ந்தார். எதிரே லிஃப்டுக் கதவில் சிவப்புப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. மகளுக்காகத்தானே இத்தனையும் பண்ணினோம், இனி நாற்காலியில்தான் உட்கார்ந்து தாரை வார்க்கப் போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமை நீதிபதி அழலாமா என்று விதியில் ஒன்றும் எழுதவில்லை.

ஃபைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தம்புசாமி வந்தார். அவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"துவான்தான் இப்ப தலைமை நீதிபதியா? முத்திரை எல்லாம் குத்தியாச்சா?"

"ஆமா அண்ணே."

"அப்ப சொல்லலாமா அந்த விஷயத்தை?"

"சொல்லுங்க. புறாவும் போயிருச்சு. இன்னும் என்ன இருக்கு?"

தம்புசாமி லிஃப்டுக் கதவைக் கையால் காட்டினார். போன தடவை பழி சுமந்தவர், அதனால் மிகவும் பணிவாகவே கேட்டார்.

"லிம் துவான் ரிட்டயராகிப் போன மறுநாளே லிஃப்டைச் சரி பண்ணிட்டாங்க துவான், நான் தெனமும் ஃபைலெல்லாம் அதுலதான் ஏத்துறேன், போர்டைக் கழட்டச் சொல்லத்தான் ஒரு தலைமை நீதிபதி இல்லாம இருந்துச்சு."